மெய்ப்பு

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.
பதினோரு பக்கம், ஆறு படம்,
ஓரத்தில் மஞ்சள் கட்டமிட்டு ஐந்து கேள்விகள்.
முதல் கேள்வி: உங்கள் குடும்பப் பெயர் எது?
வழக்கம்போல் அப்பாவைக் குடும்பமாக்கி
ஒப்புக்கொண்டேன்.

தரமணியில் மின்சாரம் போய் வந்தது.
ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொள்ள
இன்குபேட்டரின் சிவப்பு எண்
முப்பத்தேழில் வந்து நின்றது.
உள்ளே நா-62.
ஆள் இல்லாத நாக்கின் செல்கள்
குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு
முப்பது மணிக்கொருமுறை இரட்டிக்கின்றன.
செவ்வாயும் வெள்ளியும் சோறு மாற்றுவேன்.
எங்கள் லேபில் அப்படித்தான் சொல்வோம், சோறு.
இளஞ்சிவப்புத் திரவம்; மஞ்சளானால் பசி.

மூன்றாம் படம், நான்காவது பட்டை.
அங்கேதான் அவர் இருக்கிறார்,
மற்றவர்கள் மங்கலாகத் தெரியும் இடத்தில்
கறுப்பாக, தடித்து.
பி53 என்னும் புரதம். பிழை கண்டால்
செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தி வைப்பது அதன் வேலை.
அவருடையதில் நூற்று எழுபத்தைந்தாம் இடத்தில்
ஒரே ஓர் எழுத்து:
ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்தது.
துத்தநாகம் பிடி நழுவியது.
வேலை மறந்தும் வீட்டுக்குப் போகாத புரதம்
செல் முழுக்கக் குவிந்து கிடந்தது.

இதைச் சொல்ல எனக்கு நாலரை வருடம்.
பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர்
‘நா-62இடமிருந்து புதிதாகத் திசு பெற்று
மீண்டும் செய்து காட்டவும்’ என்றார்.
‘மாதிரி இனிக் கிடைக்காது’ என்று எழுதினேன்.
எங்கள் மொழியில்
இறந்தவருக்கு அதுதான் சொல்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
பார்த்தது ஒப்புதல் படிவத்தை.
பெயர் மேல் கறுப்பு மை.
வயது நாற்பத்தொன்பது, புதுப்பேட்டை, வெல்டிங்.
பேச முடியாததால் தானே எழுதியிருக்கிறார்,
தாளின் பின்பக்கம் தடவினால்
எழுத்து விரலில் தட்டும்படி.
‘ஏதேனும் தொந்தரவு உண்டா?’
அதற்கு இரண்டே சொல்:
வழி இல்லை.

வலி இல்லை என்று எழுத வந்து
ழ போட்டுவிட்டாரா?
இந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை.
கடைப் பலகையில், ஷேர் ஆட்டோ முதுகில்,
என் தங்கையின் வாட்ஸப்பில்
மூன்றும் ஒரே வாடகை வீட்டில்தான் குடியிருக்கின்றன.
அல்லது
நினைத்ததைத்தான் எழுதினாரா,
நாக்கால் இனி வளைக்க முடியாத எழுத்தைக்
கையால் வளைத்து?

பக்கத்திலேயே நர்ஸ் ஒருவர்
வலி: பூஜ்யம்
என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
அந்தப் பூஜ்யம்தான்
என் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஒருமுறை, ஃப்ரீசர் கதவின் கீல் உடைந்து
புதுப்பேட்டைக்குப் போனேன்.
உடைத்த கார்களின் நடுவே
கடைக்கொரு நீலப் பொறி.
கண்ணாடித் தட்டியை முகத்திலிருந்து விலக்கி
ஒருவர் கேட்டார், ‘இன்னா மேடம் வோணும்?’
கீல் என்றேன்.
வேறொன்றும் கேட்கத்தான் போயிருந்தேன்.
யாரைப் பற்றி என்று கேட்பது?
கறுப்பு மைக்கு வீடு எது?
கீல் எண்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

ஐந்தாவது கேள்வி:
‘அட்டவணை ஒன்று, வரிசை 62. மதிப்பு பூஜ்யம்.
சரிதானா என உறுதி செய்யவும்.’

கடைசிப் பறக்கும் ரயில் போன சத்தம்
ஜன்னல் கம்பியில் கொஞ்ச நேரம் இருந்தது.
ஆம் என்று அடித்தேன். அழித்தேன்.
தெரியாது என்று அடித்தேன்.
அதற்குக் கட்டத்தில் இடமிருந்தது,
கட்டுரையில் இல்லை.
பிறகு,
‘படிவத்தில் நர்ஸ் எழுதியபடி’
என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.
வெள்ளிக்கிழமை.
குடுவை லேசாக மஞ்சளித்திருக்கிறது.
கையுறை மாட்டிக்கொள்கிறேன்.